அந்த நாளும் ரஷோமோனும்: தோட்டத்து வாசலில் நின்று ஒரு நோக்கு

கொலைக் கதை தமிழுக்குப் புதியதன்று. குற்றம், விசாரணை, தீர்ப்பு என்னும் மூன்றும் நம் காப்பியத்திலேயே உண்டு. பொற்கொல்லன் ஒருவனின் சாட்சியை மட்டும் கேட்டு, மறுபக்கம் கேளாமல் ஆணையிட்ட பாண்டியன் தன் உயிரையே விலையாகக் கொடுத்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். ஒரு சாட்சி போதாது என்ற பாடத்தை அக்காப்பியம் நமக்குத் தந்து நூற்றாண்டுகள் பல கழிந்தன. எனினும், பல சாட்சிகளைக் கேட்ட பிறகும் உண்மை பிடிபடாமல் போனால் என் செய்வது என்ற வினாவை எழுப்ப, இருபதாம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானியத் திரைப்படம் வர வேண்டியிருந்தது. அப்படம் 1950 இல் அகிரா குரோசாவா இயக்கிய "ரஷோமோன்." அதன் நிழல் விழுந்த தமிழ்ப் படம் 1954 இல் வெளிவந்த "அந்த நாள்." இவ்விரண்டையும், இவற்றைச் சூழ்ந்து நிற்கும் ஜப்பானியக் கரும்படங்களையும், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கரும்படம் என்பது யாது?

1946 இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அமெரிக்கக் குற்றக் கதைப் படங்கள் சிலவற்றைக் கண்டு அவற்றுக்கு இட்ட பெயர் "ஃபிலிம் நுவார்". அதாவது கறுப்புப் படம். இரவும் நிழலும் மிகுந்த காட்சி, குற்றத்திற்கும் நேர்மைக்கும் இடையே தத்தளிக்கும் மனிதன், முடிவில் எவருக்கும் முழு வெற்றி இல்லாமை ஆகிய மூன்றும் அதன் இலக்கணம் எனலாம். போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, அந்நியப் படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஜப்பானில் இந்த வகை வேரூன்றியது வியப்பன்று. அங்கே இருட்டைச் செயற்கையாக உண்டாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது தெருவிலேயே கிடந்தது.

குரோசாவாவின் "குடிகாரத் தேவதை" (1948) ஒரு சேற்றுக் குட்டையின் கரையில் நடக்கிறது. காசநோய் பிடித்த ரௌடி ஒருவனும், அவனைக் காப்பாற்றத் துடிக்கும் குடிகார மருத்துவர் ஒருவரும் அதன் மாந்தர். மறு ஆண்டு வந்த "தெருநாய்" (1949) இன்னும் ஆழமானது. கோடை வெயிலில் டோக்கியோ பேருந்து ஒன்றில் இளம் துப்பறிவாளன் முராகாமியின் கைத்துப்பாக்கி களவு போகிறது. அந்தத் துப்பாக்கியால் ஒருவன் கொள்ளையும் கொலையும் செய்கிறான். அவன் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். திரும்பிய வழியில் அவன் மூட்டை திருடப்பட்டது. முராகாமியும் போரிலிருந்து திரும்பியவனே. அவன் மூட்டையும் திருடப்பட்டதே. ஒரே இழப்பு; ஒருவன் காவலன் ஆனான், மற்றவன் கள்வன் ஆனான். படத்தின் இறுதியில் இருவரும் சேற்றில் புரண்டு, மூச்சிரைக்க அருகருகே கிடக்கிறார்கள். இவரில் யார் காவலர், யார் கள்வர் என்று கண்ணால் பிரித்தறிய இயலவில்லை. அப்போது அப்பால் குழந்தைகள் பாடிச் செல்லும் குரல் கேட்கிறது. கள்வன் கதறி அழுகிறான். ஜப்பானியக் கரும்படம் உலகத்து ரசிகர்களை ஈர்த்ததன் இரகசியம் இக்காட்சியில் அடங்கியுள்ளது. குற்றவாளியை வெறுக்கச் சொல்லாமலும், மன்னிக்கச் சொல்லாமலும், அவனைப் பார்க்கும்படி அது நம்மை நிறுத்துகிறது.

பின்னர் வந்த "சொர்க்கமும் நரகமும்" (1963) தோட்டத்து வாசகருக்கு மிக எளிதில் விளங்கும் படம். யோகஹாமா நகரில் குன்றின் உச்சியில் ஒரு செல்வரின் மாளிகை. கீழே வெக்கையில் வெந்து கிடக்கும் குடிசைப் பகுதி. கீழே இருந்துகொண்டு நாள்தோறும் அம்மாளிகையை அண்ணாந்து பார்த்த ஒருவன், செல்வரின் மகன் என்று எண்ணிக் காரோட்டியின் மகனைக் கடத்திவிடுகிறான். பிறர் பிள்ளைக்காகத் தம் சொத்தையெல்லாம் கொடுக்கலாமா என்பது செல்வரின் மனப்போராட்டம். மேட்டில் துரையின் பங்களாவும் பள்ளத்தில் தொழிலாளர் லயங்களுமாக வகுக்கப்பட்டிருந்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இப்படத்தின் முதற் காட்சிக்கே உரை தேவையில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் காலால் அளந்தவர்.

ரஷோமோன் எழுப்பிய வினா

"ரஷோமோன்" நகரத்துக் குற்றப் படம் அன்று. பழங்கால ஜப்பானில் நடக்கும் கதை. எனினும் கரும்படத்தின் உயிரான ஐயம் அதில்தான் முழு வடிவம் பெற்றது. அகுதாகவா எழுதிய இரு சிறுகதைகளை இணைத்து எழுந்தது அப்படம். காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன் ஒன்று சொல்கிறான். சாமுராயின் மனைவி வேறொன்று சொல்கிறாள். இறந்தவனின் ஆவி மூன்றாவது ஒன்றைச் சொல்கிறது. பார்த்திருந்த விறகுவெட்டி நான்காவது ஒன்றைச் சொல்கிறான். நான்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இங்கு கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று. சாட்சி கூறுபவர் அனைவரும் நம்மை நோக்கியே பேசுகிறார்கள். நீதிபதியின் முகமும் தெரிவதில்லை, குரலும் கேட்பதில்லை. அந்த ஆசனத்தில் குரோசாவா நம்மை அமர்த்திவிட்டார். மற்றொன்று: பொய் சொல்பவர் குற்றத்திலிருந்து தப்புவதற்காகப் பொய் சொல்லவில்லை. கொன்றது நானே என்று கொள்ளைக்காரன் பெருமையோடு கூறுகிறான். இறந்தவனோ என் உயிரை நானே போக்கிக்கொண்டேன் என்கிறான். தண்டனைக்கு அஞ்சாதவரும் தம் மானம் குலைவதற்கு அஞ்சுகின்றனர். மனிதன் தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் கதைதான் அவனுடைய மிகப் பெரிய பொய் என்பது இப்படத்தின் துணிபு. 1951 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இது முதற் பரிசு பெற்ற பின்னரே ஜப்பானியப் படக்கலையின் மீது உலகின் பார்வை பரவலாகத் திரும்பிற்று.

தமிழில் அந்த நாள்

வீணை வித்துவான் என்று தமிழுலகம் அறிந்த எஸ். பாலசந்தர் திரைப்பட டைரக்டராகவும் விளங்கியவர். திரைப்பட விழா ஒன்றில் "ரஷோமோன்" கண்டு, அம்முறையில் ஒரு கதையை அவர் எழுதினார் என்பர். ஏவி. மெய்யப்பன் தயாரிக்க, ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுத, 1954 ஏப்ரலில் "அந்த நாள்" வெளிவந்தது. ஒரு பாட்டும் இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டுகளின் எண்ணிக்கையை விளம்பரத்தில் போட்டுப் படம் விற்ற காலத்தில் இது சிறு துணிவன்று. முதல் வெளியீட்டில் வசூல் பெரிதாக அமையவில்லை. மத்திய அரசின் நற்சான்று கிடைத்தது. காலம் செல்லச் செல்லப் பெருமை வளர்ந்தது.

கதை நடக்கும் காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய மறுநாள், ரேடியோ எஞ்சினியர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜம், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். விசாரிக்கும் அதிகாரி சிவானந்தமாக வசனகர்த்தா ஜாவர் சீதாராமனே நடித்தார். ஒருவர் மற்றொருவரைச் சுட்டிக் காட்ட, ஒவ்வொருவர் கூற்றிலும் வேறொரு ராஜன் தோன்றுகிறான். அவன் சாகும் காட்சியும் ஒவ்வொரு விதமாகத் திரையில் விரிகிறது.

இறுதியில் உஷா வாய் திறக்கிறாள். பண்டரிபாயின் அடக்கமான நடிப்புக்கு இப்பகுதி ஒன்றே சான்று. ஏழைகளுக்கு மலிவு விலையில் ரேடியோ செய்து தர வேண்டும் என்று கனவு கண்ட இளைஞன் ராஜன். அவன் திறமையை அரசும் மதிக்கவில்லை, கல்வி நிலையங்களும் மதிக்கவில்லை. மனம் கசந்தவனை ஜப்பான் மதித்தது. அவன் ஒற்றனானான். நாட்டுப்பற்று மிக்க உஷா கணவனைத் தடுக்க முயல்கிறாள்; அவன் இணங்கவில்லை; அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடிக்கிறது.

ஒப்புமையும் வேற்றுமையும்

இவ்விரு படங்களும் ஒன்றே என்பாரும் உளர். 1950 இல் ஆங்கிலத்தில் வந்த "விசாரணைக்குரிய பெண்" என்ற படத்துக்கே "அந்த நாள்" நெருக்கமானது என்பாரும் உளர். பின்னவர் கூற்றில் நியாயம் உண்டு. "ரஷோமோன்" சாட்சிகள் தாம் கண்டதைத் திரிக்கின்றனர். "அந்த நாள்" சாட்சிகளோ தாம் காணாததை ஊகிக்கின்றனர். முன்னதில் முடிச்சு அவிழாமலே நிற்கிறது. பின்னதில் அதிகாரி அதை அவிழ்த்து நம் கையில் தந்துவிடுகிறார். முன்னதில் நீதிபதியின் ஆசனத்தில் நாம் இருக்கிறோம். பின்னதில் அங்கே சிவானந்தம் அமர்ந்திருக்கிறார். ஆகவே ஜப்பானியப் படத்தின் கட்டமைப்பைப் பாலசந்தர் எடுத்துக்கொண்டார், அதன் ஐயத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று துணியலாம்.

ஐயம் இல்லாதது குறையா? அவ்வாறு சொல்வதற்கில்லை. 1954 இல் இந்தியா விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்தன. நாட்டைக் காட்டிக் கொடுப்பவன் எவ்வளவு அன்புக்குரியவனாயினும் மன்னிப்புக்குரியவன் அல்லன் என்ற உறுதி அப்புதிய நாட்டுக்குத் தேவைப்பட்டது. அவ்வுறுதியைக் கணவனே தெய்வம் என்று பழகிய தமிழ்த் திரையில் ஒரு மனைவியின் கையில் துப்பாக்கியாகக் கொடுத்தது பாலசந்தரின் மேதை. அந்நாளில் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த கதாநாயகனே துரோகியாக நடிக்க இசைந்ததும் போற்றத் தக்கது. ராஜனின் கசப்பில் நியாயம் இருப்பதைப் படம் மறைக்கவில்லை. அந்த அளவில் அவன் "தெருநாய்" படத்துக் கள்வனுக்கு அண்ணன் முறை.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. 1943 இல் ராஜன் காட்டிக் கொடுத்த "நாடு" யாருடையது? அப்போது சென்னையை ஆண்டது வெள்ளையர் அரசு. 1942 ஆகஸ்டு இயக்கத்துக்குப் பின் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தனர். குண்டு விழுந்தால் சாவது சென்னைத் தெருவில் நடக்கும் எளிய மனிதர் என்ற விடை சரியான விடையே. உஷாவின் பக்கம் நம்மை நிறுத்துவதும் அதுவே. ஆனால் அந்த விடையைச் சொல்லிவிட்டு வினாவையே மூடிவிடுகிறது படம். கடலுக்கு இப்பால் அதை அவ்வளவு எளிதில் மூட முடியாது.

அதே அக்டோபர், இக்கரையில்

1943 அக்டோபரில் மலாயாத் தமிழருக்கு நேர்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். அம்மாதம் 17 ஆம் நாள் சயாம்–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் வந்து இணைந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் 70,000 பேருக்குக் குறையார் என்று மதிப்பிடுவர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றுக்கு இரையாகித் திரும்பாதவர் பல்லாயிரவர். அதே மாதம் 21 ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அதை அடுத்து ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பால்மரக் காட்டில் உளியும் வாளியும் ஏந்திய கைகளில் பல அங்கே துப்பாக்கி ஏந்தின. அந்தப் படைக்குத் துணை நின்றது ஜப்பான். அந்தப் பாதையைப் போட்டதும் ஜப்பான்.

நெகிரி செம்பிலானில் இந்த வரலாற்றின் தடம் தரையிலேயே பதிந்துள்ளது. 1942 ஜனவரியில் கெமாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறித்துப் போரிட்டனர். இரு மாதங்களுக்குப் பின் கோலப் பிலா வட்டாரத்துப் பாரிட் திங்கியிலும் ஜெலுபு வட்டாரத்துத் தீத்தியிலும் சீனக் குடிமக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாமுக்குப் போயின. கெமாஸில் தொடங்கிப் பகாவ் வழியே செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பகுதியும் வடக்கே அவ்வாறே பெயர்த்தெடுக்கப்பட்டது. தண்டவாளமும் போயிற்று, தமிழனும் போனான். போருக்குப் பின் தண்டவாளம் இல்லாத இடம் எது என்று அரசு கணக்கிட்டது. ஆள் இல்லாத வீடு எது என்ற கணக்கை லயத்துப் பெண்கள்தாம் வைத்திருந்தனர்.

இப்போது "அந்த நாள்" படத்தை ஒரு தோட்டத்துத் திடலில் வைத்துப் பார்ப்போம். பார்ப்பவருள் ஒருவர், கணவரைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த மூதாட்டி. ஜப்பானுக்கு இரகசியம் விற்ற ராஜன் அவர் கண்ணுக்கு ஈவிரக்கமற்ற பாவி. உஷா செய்தது போதாது என்று கூட அவர் சொல்லக் கூடும். அவருக்கு அடுத்து அமர்ந்திருப்பவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் திசை நோக்கி நடந்தவர். ஜப்பானின் உதவியை நாடியவரெல்லாம் துரோகியா என்று அவர் மனம் குமுறும். ஆயினும் விடுதலைக்காகக் கைகோத்தவரும் பணத்துக்காக விலைபோனவரும் வேறு வேறு என்று அவர் விளக்கவும் கூடும். சற்றுத் தள்ளி நிற்பவர் பழைய கிராணி. இத்தனை ஆள் வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது பெயர் எழுதிக் கொடுத்தவர். எழுதாவிட்டால் தம் தலை போயிருக்கும் என்பார். எழுதியதால் யார் தலை போயிற்று என்பதைச் சொல்லமாட்டார். உண்மையான கரும்படத்தின் மாந்தர் இவர்தாம்.

இந்த மூவரையும் விசாரிக்கச் சிவானந்தம் வரவில்லை. வந்திருந்தாலும் முடிச்சு அவிழ்ந்திராது. ஆகவே தோட்டத் தமிழரின் அனுபவம் "அந்த நாள்" படத்தின் கதைப்பொருளையும் "ரஷோமோன்" படத்தின் ஐயத்தையும் ஒருங்கே கொண்டது என்பது என் கருத்து. சென்னையில் இருந்து பார்த்தால் ஒரே உண்மையாகத் தெரிந்தது, இக்கரையில் மூன்று நான்கு சாட்சியங்களாகப் பிளந்து கிடக்கிறது.

ஜப்பானியப் படம் காணாத முகம்

ஜப்பானியக் கரும்படத்தைப் புகழ்ந்த நாம் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். "தெருநாய்" படத்துச் சிப்பாய் திரும்பி வந்த பிறகு இழந்த மூட்டை நமக்குக் காட்டப்படுகிறது. திரும்புவதற்கு முன் அவன் எந்த நாட்டில் இருந்தான், அங்கே என்ன செய்தான் என்பது காட்டப்படுவதில்லை. அமெரிக்க ஆட்சியின் தணிக்கை அக்காலத்தில் பலவற்றுக்குத் தடை விதித்திருந்தது உண்மையே. ஆனால் 1952 இல் அவ்வாட்சி நீங்கிய பின்னும், தோற்ற நாட்டின் புண்ணைக் காட்டிய அளவுக்கு அது பிறர்க்கு இழைத்த புண்ணைக் கரும்படங்கள் காட்டவில்லை. மசாகி கோபாயாஷி 1959 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக எடுத்த "மனித நிலை" ஒரு நேர்மையான விதிவிலக்கு. மஞ்சூரியச் சுரங்கத்தில் சீனக் கைதிகளை வேலை வாங்கும் ஜப்பானிய இளைஞனின் மனச்சான்று அதில் சிதைந்து வதைபடுகிறது. அங்கும் சயாமின் காடு இல்லை; தமிழ்க் கூலி இல்லை.

சயாம் பாதையைப் பேசும் பொறுப்பை மலேசியத் தமிழ் நாவல் ஏற்றுக்கொண்டது. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" ஆகியவை அவ்வகையில் நினைக்கத் தக்கவை. திரைப்படம் இத்துறையில் இன்னும் பின்தங்கியே உள்ளது. சஞ்சய் குமார் பெருமாளின் "ஜகாட்" (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் குண்டர் உலகின் விளிம்புக்குச் செல்வதைக் காட்டி, 2016 இல் சிறந்த மலேசியப் படம் என்ற பரிசையும் பெற்றது. குரோசாவாவின் சேற்றுக் குட்டைக்கும் அந்தப் புறம்போக்குக் குடியிருப்புக்கும் உறவு உண்டு. மலேசிய மண்ணில் தமிழ்க் கரும்படம் சாத்தியம் என்பதற்கு அது சான்று. ஆனால் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய நம் "ரஷோமோன்" இன்னும் எடுக்கப்படவில்லை.

முடிவுரை

மக்கள் இத்தகைய படங்களை ஏன் விரும்புகின்றனர்? திகிலுக்காக என்பர் சிலர். ஒளியும் நிழலும் கலந்த அழகுக்காக என்பர் சிலர். இரண்டும் உண்மையே. ஆனால் திகில் ஒரு முறைதான் வேலை செய்யும். முடிவு தெரிந்த பின்னும் "தெருநாய்" படத்தையும் "அந்த நாள்" படத்தையும் மீண்டும் பார்க்கிறோம் என்றால் காரணம் வேறாதல் வேண்டும். யார் கொன்றார் என்பது தெரிந்துவிட்ட பிறகே, அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு முழு விடை கிடைப்பதில்லை. அதனாலேயே அப்படம் மூப்பதில்லை.

யார் சொல்கிறார் என்பதை விட்டுச் சொல்லப்படும் பொருளின் மெய்யைத் தேடுவதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. அந்நெறியில் நின்றால், சயாமுக்குப் போனவர், படையில் சேர்ந்தவர், பெயர் எழுதிக் கொடுத்தவர் ஆகிய மூவர் வீட்டுக் கதைகளையும் கேட்க வேண்டியவர்களாகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, லயங்கள் இடிந்து சிரம்பானிலும் நீலாயிலும் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நேரில் கண்டவருள் எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. அவர்தம் மக்களிடமும் பேரரிடமும் அக்கதைகள் இன்னும் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் மெய்யென்று பொறுக்கி எடுத்து மற்றவற்றைத் தள்ளிவிட்டால், பொற்கொல்லனை மட்டும் கேட்ட பாண்டியனின் பிழையையே நாமும் செய்தவராவோம். பாலசந்தர் தமிழ்த் திரைக்கு ஒரு துணிவைத் தந்தார். குரோசாவா உலகத் திரைக்கு ஓர் ஐயத்தைத் தந்தார். அந்தத் துணிவையும் அந்த ஐயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இக்கதைகளைப் பதிவு செய்ய முன்வரும் கலைஞருக்குப் பொருள் பஞ்சம் இல்லை. பகாவிலும் கெமாஸிலும் தம்பினிலும் அது அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கிறது.